பிரவுசருக்கும் ஒரு செக்போஸ்ட் வேண்டும்

இது கம்ப்யூட்டர் சமாச்சாரம்தான். ஆனால் கம்ப்யூட்டர் படிக்காதவர்களும் தாராளமாக வாசிக்கலாம். ஏனென்றால் இதில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அவர்கள்தான்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்துப் பேர் மாறி மாறி உட்காரும் கணினியில், பிரவுசரின் வேண்டாத வசதிகளை ஒவ்வொருவரும் தானே தேடிப் பிடித்து அணைத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். அந்தக் கணினியை வைத்திருப்பவர் ஒரே தடவை, ஒரே கோப்பில் அணைத்து வைக்க வேண்டும். அதற்கான ஏற்பாடு பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. பைசா செலவில்லை. ஆனாலும் நான் போய் உட்கார்ந்த கடைகள் ஒன்றிலும் அதைப் பார்த்ததில்லை.

பிரவுசிங் சென்டர் இன்னும் சாகவில்லை

"எல்லார் கையிலும் போன் இருக்கு, இப்ப யாருப்பா பிரவுசிங் சென்டர் போறாங்க?" என்று கேட்பீர்கள். பழனி அடிவாரத்திலும் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலும், மேலே கொடைக்கானல் மூஞ்சிக்கல்லிலும் ஒரு சுற்று வந்து பாருங்கள். பெயர்ப் பலகைதான் மாறியிருக்கிறது. 'இன்டர்நெட் கஃபே' என்று இருந்த இடத்தில் 'ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் சர்வீஸ்' என்று இருக்கிறது. உள்ளே அதே கணினி, அதே பிளாஸ்டிக் நாற்காலி.

மன்னவனூர், பூம்பாறை, கூக்கால் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறவர்களுக்கு இந்தக் கடைகள்தான் அரசாங்கத்தின் வாசல். கல்லூரி விண்ணப்பம், ஸ்காலர்ஷிப், டி.என்.பி.எஸ்.சி., பட்டா நகல், வருமானச் சான்றிதழ் என்று எதை எடுத்தாலும் ஒரு ஸ்கேன், ஒரு பிடிஎஃப், ஒரு பிரிண்ட் அவுட். போனில் செய்யலாம்தான். செய்து முடிப்பதற்குள் ஓ.டி.பி. காலாவதியாகிவிடும் :-)

இது போதாதென்று, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. வண்டி எண், எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே தங்கல் எல்லாவற்றையும் ஒரு படிவத்தில் நிரப்ப வேண்டும். பழனிக்கு முருகனைக் கும்பிட வந்துவிட்டு, அப்படியே மலைக்கும் போய்வரலாம் என்று நினைக்கும் குடும்பம், அடிவாரத்தில் ஏதாவது ஒரு கடையில் நுழைந்துதான் அதைப் போடுகிறது.

ஆக, ஒரு மலைக்கிராமத்து மனிதரின் ஆதார் எண், பேங்க் கணக்கு எண், மொபைல் எண், மகளின் பிறந்த தேதி எல்லாம் என்றாவது ஒரு நாள் ஒரு கடைக் கணினி வழியாகப் போகிறது. போனால் பரவாயில்லை. அங்கேயே தங்கிவிடுகிறதே, அதுதான் பிரச்சினை.

9 என்று தட்டினால் வருகிற பட்டியல்

பழனியில் ஒரு கடை. பெயர் வேண்டாம். ஒரு விண்ணப்பப் படிவத்தில் மொபைல் எண் கேட்கும் கட்டத்தில் 9 என்று தட்டினேன். உடனே கீழே சரசரவென்று ஒரு பட்டியல் இறங்கியது. அத்தனையும் அடுத்தவர்களின் போன் நம்பர். பெயர்க் கட்டத்தில் ஓர் எழுத்தைத் தட்டினால் பெயர்கள். ஈமெயில் கட்டத்தில் ஈமெயில்கள். யாரும் எதையும் திருடவில்லை. பிரவுசர் எனக்கு 'உதவி' செய்கிறதாம்!

கடைக்கார அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அது பாட்டுக்கு வரும் தம்பி, நீங்க கண்டுக்காம உங்களுதை அடிங்க" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். காலையில் ஷட்டரைத் திறந்ததிலிருந்து அவருக்கு ஜெராக்ஸ் மெஷினே பெரும்பாடு.

இங்கே ஒரு அடிப்படையான விஷயம் இருக்கிறது. இந்த வசதிகள் எல்லாம் 'ஒரு கணினி, ஒரு சொந்தக்காரர்' என்ற கணக்கில் செய்யப்பட்டவை. நம் சொந்தக் கணினியில் போன் நம்பரைப் பத்துத் தடவை தட்டாமல் இருப்பது நிஜமாகவே சௌகரியம். அதே சௌகரியம் பொதுக் கணினிக்கு வந்தால் ஓட்டைப் பானை ஆகிவிடுகிறது. இன்னும் மூன்று உதாரணம் சொல்கிறேன்.

பாஸ்வேர்ட். லாகின் செய்தவுடன் 'சேமிக்கவா?' என்று ஒரு பெட்டி வருகிறது. பளிச்சென்ற பொத்தானை அமுக்கினால்தான் அடுத்த பக்கம் போகும் என்று நினைத்து அமுக்குகிறவர்கள் நிறையப் பேர். அதுவும் படிவத்தின் ஒரு பகுதி என்றே அவர்களுக்குத் தோன்றுகிறது.

நோட்டிஃபிகேஷன். ஏதோ ஒரு தளம் அனுமதி கேட்கும். 'அல்லோ' என்று ஒருவர் அமுக்கிவிட்டுப் போய்விடுவார். மறுநாள் அதே கணினியில் உட்காருகிறவருக்கு மூலையில் 'உங்கள் கணினியில் 5 வைரஸ்' என்று பெட்டி பெட்டியாக வரும். பயந்துபோய் அவர் எதையாவது அமுக்குவார். செய்தது ஒருவர், அனுபவிப்பது இன்னொருவர்.

கணக்கு. ஜிமெயில் பார்க்கத்தான் உள்ளே நுழைந்தோம் என்று நினைப்போம். குரோம் அதை பிரவுசருக்குள்ளேயே நுழைந்ததாக எடுத்துக்கொள்ளும். 2018-ல் வந்த 69-ஆம் பதிப்பிலிருந்தே இந்தப் பழக்கம். அதோடு 'சிங்க்' செய்யவா என்று கேட்டு, நாமும் சரி என்று சொல்லிவிட்டால், வீட்டில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளும் புக்மார்க்குகளும் கடைக் கணினிக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எச்சரிக்கை யாருக்கு?

2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள் என்பது அதில் ஒரு பகுதி. இன்னொரு பகுதி நம் விஷயம். பிரவுசிங் சென்டர் போன்ற பொதுக் கணினிகளில் இ-ஆதாரை டவுன்லோட் செய்வதைத் தவிருங்கள், அப்படிச் செய்தால் இறக்கிய நகல்கள் எல்லாவற்றையும் அந்தக் கணினியிலிருந்து நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்று அதில் இருந்தது. நாடு முழுக்கப் பரபரப்பு. இரண்டே நாளில், மே 29 அன்று, தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது என்று சொல்லி மத்திய அரசு அதை வாபஸ் வாங்கியது. மக்கள் வழக்கமான கவனத்தோடு நடந்துகொண்டால் போதும் என்று விளக்கமும் வந்தது.

என்னைக் கேட்டால், அந்த எச்சரிக்கையின் உள்ளடக்கம் சரி. விலாசம்தான் தப்பு. ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்து உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மாவிடம் போய், டவுன்லோட் ஃபோல்டரைத் திற, கோப்பைத் தேடு, அழி, பிறகு ரீசைக்கிள் பின்னையும் காலி செய் என்று சொல்கிறோம். அந்தக் கணினி அவருடையதா? இல்லை. அதில் எது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா? தெரியாது. பொறுப்பை மட்டும் அவர் தலையில் கட்டுகிறோம். 'வழக்கமான கவனம்' என்பதும் அதே கதைதான்.

கொடைக்கானல் பிளாஸ்டிக் பாட்டில் விஷயத்தை யோசித்துப் பாருங்கள். 'தயவுசெய்து பாட்டிலைக் காட்டுக்குள் வீசாதீர்கள்' என்று எத்தனை வருடமாக போர்டு வைத்திருந்தார்கள்! போர்டுக்குக் கீழேயே பாட்டில் கிடந்தது. கடைசியில் 2024-ல், 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி என்று கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு டூரிஸ்டின் நல்ல புத்தியையும் நம்பிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு, நுழைகிற இடத்திலேயே கேட்பது என்ற முடிவு அது. அதனால் காடு முழுக்கச் சுத்தமாகிவிட்டதா என்பது வேறு விஷயம். ஆனால் எங்கே கேட்க வேண்டும் என்பது சரியான யோசனை. பிரவுசருக்கும் அப்படி ஒரு செக்போஸ்ட் வைக்கலாம்.

பாலிசி என்றால்...

அந்த செக்போஸ்டுக்குப் பெயர் பாலிசி. (எல்.ஐ.சி. ஏஜெண்ட் என்று நினைத்து ஓடிவிடாதீர்கள்.) ஒரு பிரவுசரில் இரண்டு வகை அமைப்புகள் உண்டு. ஒன்று, செட்டிங்ஸ் பக்கத்தில் நாம் மாற்றுவது. யார் வேண்டுமானாலும் மாற்றலாம், அடுத்த ஆள் திரும்பவும் மாற்றிவிடலாம். இன்னொன்று, கணினியின் நிர்வாகி போட்டு வைக்கும் கட்டளை. பிரவுசர் திறக்கும்போதே அதைப் படித்து அதன்படி நடக்கும். செட்டிங்ஸ் பக்கத்தில் அந்தப் பொத்தான் சாம்பல் நிறமாகிவிடும், அமுக்க முடியாது.

பெரிய கம்பெனிகளுக்கு இது பழைய விஷயம். 2010 டிசம்பரிலேயே கூகுள் தன் குரோமை ஆபீஸ்களில் இப்படிக் கட்டுப்படுத்தலாம் என்று அறிவித்துவிட்டது. நம் நெருப்பு நரியில், அதாவது பயர்பாக்ஸில், 2018 மே மாதம் வந்த 60-ஆம் பதிப்பில் இது முறையாகச் சேர்ந்தது. எட்ஜும் அதே வழிதான். ஆனால் கம்பெனிதான் பயன்படுத்த வேண்டும் என்று எங்கும் சட்டமில்லை. நாலு கணினி வைத்திருக்கும் கடையும் பயன்படுத்தலாம்.

செய்முறை ரொம்பச் சின்னது. பயர்பாக்ஸ் என்றால் 'பாலிசீஸ் டாட் ஜேசன்' என்ற ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. நோட்பேடிலேயே எழுதலாம். விண்டோஸில் பயர்பாக்ஸ் நிறுவப்பட்ட ஃபோல்டருக்குள் 'டிஸ்ட்ரிப்யூஷன்' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதில் போட வேண்டும். லினக்ஸில் 'இடிசி' ஃபோல்டருக்குக் கீழே அதற்கென்று இடம் உண்டு. குரோமுக்கும் லினக்ஸில் அதே மாதிரி ஒரு கோப்பு போதும். விண்டோஸில் குரோமுக்கும் எட்ஜுக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'பாலிசீஸ்' என்ற கிளையில் எழுத வேண்டும். விண்டோஸ் ஹோம் பதிப்பில் குரூப் பாலிசி எடிட்டர் கிடையாது என்றாலும் ரெஜிஸ்ட்ரி வழி வேலை செய்யும். ஒரு கணினியில் சரியாகச் செய்து பென்டிரைவில் எடுத்துக்கொண்டால், மற்ற கணினிகளுக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம்.

வேலை செய்கிறதா என்று பார்க்க, பயர்பாக்ஸ் முகவரிப் பட்டியில் 'அபௌட்', ஒரு முக்காற்புள்ளி, 'பாலிசீஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். குரோமில் 'குரோம்', முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, 'பாலிசி'. எது எது போடப்பட்டிருக்கிறது, எதில் தப்பு என்று அதுவே சொல்லிவிடும்.

பொதுக் கணினிக்கு என் பட்டியல்

1. பாஸ்வேர்ட் சேமிப்பு. கேட்கவே கூடாது. முழுசாக அணை.

2. படிவ நினைவு. பயர்பாக்ஸில் இதற்கென்றே ஒரு வரி இருக்கிறது. குரோமில் விலாசத்துக்கு ஒன்று, கார்டு எண்ணுக்கு ஒன்று என்று தனித்தனி வரிகள். எல்லாம் அணை. 9 தட்டினால் 9 மட்டும் வர வேண்டும்.

3. நோட்டிஃபிகேஷன். எந்தத் தளமும் அனுமதியே கேட்கக் கூடாது.

4. பிரவுசருக்குள் கணக்கு நுழைவதும் சிங்கும். ஜிமெயில் பார்க்கலாம், பிரவுசர் ஒட்டிக்கொள்ளக் கூடாது.

5. மூடும்போது எல்லாம் அழிய வேண்டும். பயர்பாக்ஸில் இதற்கு ஒரு பாலிசி உண்டு. குரோமில் ஒவ்வொரு தடவையும் புது ஆள் போலத் திறக்கும் தற்காலிக ப்ரொஃபைலைக் கட்டாயமாக்கலாம். கூடவே, ஜன்னலை மூடிய பிறகும் பின்னணியில் ஓடுகிற வசதியை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் மூடியது மூடியதாகவே ஆகாது.

6. எக்ஸ்டென்ஷன். முதலில் எல்லாவற்றையும் தடு. தேவையான ஒன்றிரண்டை மட்டும் பெயர் சொல்லி அனுமதி.

7. ஷாப்பிங் கூப்பன், பக்கவாட்டுப் பட்டி, புது டேப்பில் செய்திக் குப்பை, இப்போது எல்லா பிரவுசரிலும் நுழைந்துவிட்ட ஏ.ஐ. உதவியாளர். குரோமில் ஏ.ஐ. வசதிகளை மொத்தமாகத் தடுக்க ஒரே வரி இருக்கிறது. ஏ.ஐ. கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவரின் வருமானச் சான்றிதழ் திறந்திருக்கும் பக்கத்தை 'சுருக்கிச் சொல்லவா?' என்று கேட்கும் பொத்தான், அந்தக் கணினிக்குத் தேவையில்லாதது. அவ்வளவுதான்.

அணைக்கக் கூடாதவை இரண்டு. ஒன்று, பிரவுசரின் அப்டேட். இரண்டு, ஆபத்தான தளம் என்று சிவப்புப் பக்கம் காட்டும் பாதுகாப்பு. 'வேண்டாததை நீக்குகிறேன்' என்று கிளம்பி இந்த இரண்டையும் சேர்த்து வெட்டிவிடுகிற ஆட்கள் உண்டு. களை பிடுங்கப் போய் பயிரைப் பிடுங்கின கதை.

கடைக்காரர்கள் சொல்லக்கூடிய காரணங்கள்

"ரெகுலரா வர்றவங்களுக்கு அது வசதி தம்பி." வசதிதான். ஆனால் அந்த ரெகுலர் ஆளின் வசதிக்காக, அன்றைக்கு ஒரு நாள் வந்துபோகிற ஐம்பது பேரின் நம்பர் பட்டியலில் நிற்க வேண்டுமா? ரெகுலர் ஆள் இன்னும் பத்து எழுத்து கூடத் தட்டட்டும்.

"ஹிஸ்டரியை அழிச்சா போலீஸ்ல கேப்பாங்களே?" இது நியாயமான கேள்வி. 2011-ல் மத்திய அரசு வெளியிட்ட சைபர் கஃபே விதிகளின்படி, வருகிறவரின் அடையாளத்தைப் பதிவு செய்ய வேண்டும், எந்தெந்தத் தளங்கள் பார்க்கப்பட்டன என்ற பதிவை குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். தடுப்புப் பலகை நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது என்பதுவரை அதில் இருக்கிறது. ஆனால் அந்த விதி கேட்பது தளங்களின் பதிவை. வாடிக்கையாளரின் பாஸ்வேர்டையும் ஆதார் எண்ணையும் பிரவுசரில் வைத்திரு என்று அதில் எங்கும் இல்லை. தளப் பதிவை ப்ராக்ஸியில் வைத்துக்கொள்ளலாம், அதே விதிகளே ப்ராக்ஸி பதிவைப் பற்றியும் பேசுகின்றன. அப்படி ப்ராக்ஸி இல்லாத கடை, ஹிஸ்டரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழிக்கும்படி அமைக்கலாம். பிரவுசர் பாலிசியில் எதை அழிப்பது என்று தனித்தனியாகச் சொல்ல முடியும். குரோமில் அப்படிச் செய்கிறவர்கள் தற்காலிக ப்ரொஃபைலை விட்டுவிட்டு இந்த வழியைத்தான் எடுக்க வேண்டும். ஆக, சட்டத்தையும் மீறவில்லை, மனிதரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

"உங்கள் பிரவுசரை நிறுவனம் ஒன்று நிர்வகிக்கிறது என்று வருதே, ஹேக் பண்ணிட்டாங்களோன்னு பயப்படுவாங்க." வரும். பாலிசி இருந்தால் குரோமும் பயர்பாக்ஸும் அப்படி ஒரு வரி காட்டும். இது குறை அல்ல, நேர்மை. கடையில் அந்த வரி தெரிந்தால் சந்தோஷப்படுங்கள். அதே வரி உங்கள் சொந்த வீட்டுக் கணினியில், நீங்கள் எதுவும் செய்யாமல் வந்தால் கொஞ்சம் உஷாராகுங்கள். சில விளம்பர மால்வேர்கள் இதே பாலிசி வழியாக நுழைந்து, நீக்க முடியாத எக்ஸ்டென்ஷனை நட்டுவிட்டுப் போகின்றன. அரிவாள் ஒன்றுதான், பிடிக்கிற கையைப் பொறுத்தது.

பூட்டுக்கும் ஓர் எல்லை வேண்டும்

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். வரவில்லை என்றால் நான்தான் சரியாகச் சொல்லவில்லை. 'நிர்வாகி சொல்வதுதான் சட்டம்' என்று விட்டுவிட்டால், நாளைக்கு ஒரு கல்லூரி லேப் இதே கருவியை வைத்து மாணவர்களை வேவு பார்க்கலாமே? தனக்குப் பிடிக்காத தளங்களை எல்லாம் தடுக்கலாமே? செய்யலாம். கருவி அதற்கும் இடம் கொடுக்கிறது.

அதனால் நான் இரண்டு அளவுகோல் வைத்திருக்கிறேன். முதலாவது, அந்த வரி யாரைக் காப்பாற்றுகிறது? எதிரே உட்காருகிறவரையா, கணினி வைத்திருப்பவரின் அதிகாரத்தையா? பாஸ்வேர்டைச் சேமிக்காதே என்பது முதல் வகை. எல்லோர் ஹிஸ்டரியையும் எனக்கு அனுப்பு என்பது இரண்டாம் வகை. இரண்டாவது, அந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்ட முடியுமா? 'இந்தக் கணினியில் இவையெல்லாம் அணைக்கப்பட்டுள்ளன' என்று தமிழில் ஒரு தாளில் எழுதி ஒட்டக் கூச்சமாக இருந்தால், அந்தப் பட்டியலில் ஏதோ தப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று, பொதுக் கணினிக்குச் சொன்னதை அப்படியே சொந்தக் கணினிக்குச் சொல்லக் கூடாது. 2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. 2025 மார்ச் பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட்டோ லேப்டாப்போ தரப்படும் என்று அறிவித்தார்கள். அரசாங்கம் கொடுத்தாலும் அது கைக்கு வந்த பிறகு மாணவரின் சொத்து. அதில் கட்டாயப் பூட்டு போடுவது சரியில்லை. அங்கே பாஸ்வேர்ட் சேமிப்பு உண்மையிலேயே தேவைப்படலாம்.

நல்ல வேளையாக இதற்கும் வழி இருக்கிறது. குரோம் பாலிசியில் கட்டாயம், பரிந்துரை என்று இரண்டு தட்டு உண்டு. பரிந்துரைத் தட்டில் போட்டால், முதலில் அணைந்திருக்கும், வேண்டுமென்றால் பயனர் திரும்ப எரிய விடலாம். எல்லா வரிகளுக்கும் இது பொருந்தாது, ஆனால் நிறையவற்றுக்குப் பொருந்தும். பயர்பாக்ஸிலும் சில அமைப்புகளைப் பூட்டாமல் ஆரம்ப நிலையாக மட்டும் வைக்க முடியும். ஆகவே என் கட்சி இதுதான்: பொதுக் கணினிக்குக் கட்டாயம், சொந்தக் கணினிக்குப் பரிந்துரை.

லட்சக்கணக்கில் லேப்டாப் கொடுக்கிறவர்களுக்கு இது பெரிய வேலையே இல்லை. பக்கத்துக் கேரளாவில், கைட் என்ற அரசு நிறுவனம் பள்ளிகளுக்காகவே தயாரித்த லினக்ஸை வைத்துத்தான் பாடம் நடக்கிறது. அப்படி ஒரே அச்சில் வார்த்து அனுப்புகிறவர்கள், அந்த அச்சுக்குள் ஒரு சின்னக் கோப்பைச் சேர்த்தால் போதும், அத்தனை கணினிக்கும் போய்ச் சேர்ந்துவிடும். நம் ஊரில் பள்ளி, கல்லூரி லேப்களுக்கும் இ-சேவை மையங்களுக்கும் கணினி வாங்கும்போது, டெண்டரில் மெமரி எவ்வளவு, திரை எத்தனை அங்குலம் என்று எழுதுகிறார்களே, அதோடு பிரவுசர் பாலிசி என்று ஒரு வரியும் சேர்க்கலாம் அல்லவா?

இதனால் ஆகாதவை

கூரை ஏறிக் கூவும் முன் இதையும் சொல்லிவிடுகிறேன்.

மூடும்போது அழியும் என்றால், மூட வேண்டும்! காலையில் திறந்த பிரவுசரை ராத்திரி வரை மூடாத கடையில் ஐந்தாம் எண் பாலிசியால் ஒரு பயனும் இல்லை. ஒரு ஆள் எழுந்ததும் மூடித் திறப்பது மனிதர் செய்ய வேண்டிய வேலை.

டவுன்லோட் செய்த பிடிஎஃப் தானாக அழியாது. பிரவுசர் தன் நினைவைத்தான் அழிக்கும், கோப்பு ஃபோல்டரிலேயே கிடக்கும். டவுன்லோட் போகிற இடத்தை பாலிசியில் மாற்றி, கணினியை அணைத்தால் காலியாகிற தற்காலிக ஃபோல்டருக்குத் திருப்பிவிடலாம். ஆதார் ஆணையம் 2022-ல் அந்த அம்மாவிடம் சொன்ன வேலையில் பெரும்பகுதி இதிலேயே முடிந்துவிடும்.

கணினியில் எல்லோருக்கும் நிர்வாகி உரிமை திறந்து கிடந்தால், எவரும் வேறொரு பிரவுசரை நிறுவிக்கொள்ளலாம். கதவைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த மாதிரி. வாடிக்கையாளருக்குச் சாதாரணக் கணக்குதான் தர வேண்டும்.

விண்டோஸில் ஹோம்பேஜ், தேடுபொறி போன்ற சில குரோம் பாலிசிகள், ஆபீஸ் டொமைன் போன்ற மைய நிர்வாகத்தில் சேர்ந்த கணினியில் மட்டுமே செல்லும். மால்வேர் தொல்லைக்காக வைத்த தடை அது. என் பட்டியலில் உள்ள முக்கியமானவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

கடைசியாக, வாட்ஸ்அப். 'அண்ணே, ஆதாரை உங்க வாட்ஸ்அப்புக்கு அனுப்பிட்டேன், ஒரு பிரிண்ட் போடுங்க' என்கிறோமே, அந்தப் படம் கடைக்காரர் போனிலேயே இருக்கும். எந்த பிரவுசர் பாலிசியும் அதைத் தொட முடியாது. அதற்கு வேறு பழக்கம், வேறு பேச்சு வேண்டும்.

இத்தனை ஓட்டை இருந்தும் ஏன் செய்ய வேண்டும் என்றால், செலவு அரை மணி நேரம், பலன் தினமும் வருகிற அத்தனை பேருக்கும். அதில் பாதிப் பேருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. தெரியவும் வேண்டியதில்லை. குடிதண்ணீரில் குளோரின் போடுகிறவரை நாம் பார்த்திருக்கிறோமா என்ன?

நம் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிராஜெக்ட் என்று என்னென்னவோ செய்கிறோம். இந்த விடுமுறையில் ஆளுக்கு ஒரு கடை. நாம் ஜெராக்ஸ் எடுக்கிற அதே கடை. அண்ணனிடம் உட்கார்ந்து இரண்டு நிமிடம் விளக்கிவிட்டு, அவர் சம்மதத்தோடு ஒரு கணினியில் மட்டும் போட்டுக் காட்டுவோம். ஒரு வாரம் ஓடட்டும். புகார் வரவில்லை என்றால் மற்றவற்றுக்கும். சுவரில் ஒட்டும் தாளை மட்டும் மறக்க வேண்டாம், அதைத் தமிழில் நாமே எழுதிக் கொடுத்துவிடுவோம்.

டிஸ்கி: பிரவுசர் பதிப்பு மாற மாற பாலிசிகளின் பெயர்களும் மாறுகின்றன, சிலவற்றை எடுத்தும் விடுகிறார்கள். யாரோ கொடுத்த கோப்பை அப்படியே போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று அந்தந்த பிரவுசரின் அதிகாரபூர்வ பட்டியலில் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போடுங்கள். ஒரு கால்புள்ளி விட்டுப்போனாலும் பயர்பாக்ஸ் மொத்தக் கோப்பையும் ஒதுக்கிவிடும், பிறகு என்னைத் திட்டக் கூடாது :-)